சத்தம் போடாத நாய்

கதிரேசன் காலையிலிருந்து நாலைந்து தடவை வாசல்வரை போய் வந்துவிட்டார். திண்டுக்கல்லிலிருந்து வரவேண்டிய கார் இன்னும் வரவில்லை.

"உக்காருங்க சார். வாசல் எங்கயும் ஓடிப் போயிடாது," என்றார் உமையாள் அம்மா.

மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் தலைவி. கதிரேசன் அவருடைய சீடர். ஆனால் வயதில் பத்து வருடம் மூத்தவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் இங்கே குருதான் சீடரை 'சார்' என்று கூப்பிடுவார். மனம் அடங்கவேண்டும் என்று வந்த மனிதர். வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மனம் அவர் பேச்சைக் கேட்டபாடில்லை.

மடத்து வாசலில் யாராவது நாய்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றைத் தேற்றி, கேட்டு வருகிற வீடுகளுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். போன வருடம் திண்டுக்கல் ஆல்பர்ட் வீட்டுக்கு நாய் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது கதிரேசன்தான். அது அவர்களுடைய மகள் ஷெரினைக் கடித்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளையைக் கடித்த நாய் என்று பெயரெடுத்த பிறகு அதை யார் கேட்பார்கள்? கிணற்றடியிலேயே கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கதிரேசன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்று அதே குடும்பம் மறுபடி வருகிறது.

"எந்த நாய் எந்தப் பிள்ளைக்குச் சரியா வரும்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?"

"நீங்க எதை எடுத்து வெச்சிருக்கீங்க?"

"முத்துவை. காலையிலயே குளிப்பாட்டிட்டேன். குரைக்காது, தாவாது, வெச்ச இடத்துல இருக்கும். என் வகுப்பு மாதிரி. நான் உள்ள நுழைஞ்சா குண்டூசி விழுந்தாக் கேக்கும்மா."

அம்மா எழுந்தார். அடுக்களைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கார் வந்தது. முழுதாக நிற்பதற்குள் ஷெரின் குதித்து இறங்கினாள். ஆறு வயது. நின்ற இடத்தில் நிற்காத பிள்ளை.

"இவளுக்குத் தகுந்தாப்ல சாதுவா ஒண்ணு குடுங்க சார்," என்றாள் அவள் அம்மா நிர்மலா. "இந்தத் தடவையும் சரிவரலன்னா இனிமே நாயே கிடையாது. சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

ஷெரின் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் தழும்பு இருந்தது.

"அது மேல தப்பு இல்ல தாத்தா," என்றாள் கதிரேசனிடம். "நான்தான் கட்டிப் பிடிச்சேன்."

கதிரேசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவசரமாக முத்துவைக் காட்டினார். தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தது அந்தச் சின்ன வெள்ளை நாய். சோப்பு வாசனை அடித்தது. இத்தனை பேர் வந்தும் அசையவில்லை.

அதற்குள் சுண்டு எங்கிருந்தோ ஓடிவந்தது. காதொன்று மடிந்த பழுப்பு நாய். வாயில், ஆல்பர்ட் வாசலில் கழற்றிவிட்ட செருப்பு.

"சீ, போ அந்தண்டை!" கதிரேசன் விரட்டினார்.

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார். சிமெண்டுத் தரையில் அது டணாரென்று விழுந்து சுழன்றது.

சுண்டு செருப்பைப் போட்டுவிட்டு மாமரத்துக்குப் பின்னால் ஓடியது. அங்கிருந்து ஊரே கேட்கக் குரைத்தது. பிறகு எட்டிப் பார்த்தது, திரும்பி வந்து தட்டை மோந்தது, ஒன்றும் இல்லையென்று தெரிந்தும் நக்கியது.

முத்து உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தீங்களா?" கதிரேசனுக்குப் பெருமை தாங்கவில்லை. "கண்ணைக்கூடச் சிமிட்டல."

நிர்மலாவின் முகம் மாறிவிட்டது.

"போன தடவை குடுத்ததும் இப்படித்தான் சார் இருந்துச்சு. ஒரு மாசம் சத்தமே போடல. கடிச்சப்பயும் சத்தம் போடாமத்தான் கடிச்சுது."

கதிரேசன் முத்துவைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், முத்து விலாவுல கொஞ்சம் கை வைங்க," என்றார் அம்மா.

வைத்தார். வெளியே அசையாத அந்த உடம்புக்குள் நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

இதற்குள் ஷெரின் பாய்ந்துபோய் சுண்டுவைக் கட்டிக்கொண்டாள். சுண்டு லேசாக உறுமியது, நெளிந்து கழன்றது, பத்தடி தள்ளிப்போய் நின்று அவளைப் பார்த்தது.

"ஐயையோ, உறுமுதே!" நிர்மலா மகளை இழுத்துக்கொண்டாள்.

"பிடிக்கலன்னு சொல்லிட்டுத்தானேம்மா போகுது," என்றார் உமையாள் அம்மா. பிறகு பிள்ளையிடம், "கண்ணு, அது போனா விட்டுரு. தானா வந்தா தொடு. உன்னால முடியுமா?"

ஷெரின் தரையில் உட்கார்ந்தாள். காலை ஆட்டினாள், விரலைக் கடித்தாள், இரண்டு தடவை எழப்போய் மறுபடி உட்கார்ந்தாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நிர்மலா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுண்டு சுற்றிக்கொண்டு வந்து அவள் முதுகை மோந்தது. பிறகு முன்னால் வந்து மடியில் தலையை வைத்தது. ஷெரின் ஒரே ஒரு விரலால் அந்த மடிந்த காதைத் தொட்டாள்.

"அம்மா, தானா வந்துச்சு!" என்று கத்தினாள்.

சுண்டு மறுபடி ஓடிப்போனது. மறுபடி வந்தது. நிர்மலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கார் கிளம்பும்போது சுண்டு ஜன்னல் வழியாக எல்லோரையும் பார்த்துக் குரைத்தது. ஆல்பர்ட்டின் இன்னொரு செருப்பு கடைசிவரை கிடைக்கவில்லை.

கதிரேசன் தூணருகிலேயே உட்கார்ந்திருந்தார். கை இன்னும் முத்துவின் விலாவில் இருந்தது.

"நான் இது சாதுன்னு நெனைச்சேன்மா."

"ம்."

"இதை இனி யார் வீட்டுக்கு அனுப்புறது?"

"யார் வீட்டுக்கும் வேண்டாம். இங்கயே இருக்கட்டும். முதல்ல ஒரு தடவை குரைக்கட்டும்."

கதிரேசன் கிணற்றடியைப் பார்த்தார். அங்கே கிடந்த நாய் தலையைத் தூக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பவில்லை.

அம்மா குனிந்து தட்டை எடுத்துப் புடவையில் துடைத்தார்.

"சார், உங்க வகுப்புல குண்டூசி விழுந்தாக் கேக்கும்னு சொன்னீங்களே," என்றார். "பிள்ளைங்க மூச்சு விட்டது கேட்டுச்சா?"