வடகரை வழி

கல்லாற்றில் புதுவெள்ளம் வந்துவிட்டது. சினை கொண்ட கெண்டைகள் முட்டையிட மேல்மடு தேடி எதிர்நீச்சலில் ஏறும் காலம்.

பிச்சைக்குப் போய்த் திரும்பிய சடையப்பன் துறையில் அப்படியே நின்றுவிட்டான். அவனுடைய குரு நாச்சியாரம்மை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீனை மறிக்கும் அடைப்புக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார். கூடவே ஊர் ஆட்கள். அடைப்பின் ஓரத்தில் மீன் பிடிக்க வைத்த பறிக்குள் ஒரு பெருங்கெண்டை துள்ளியது.

சடையப்பன் அந்த ஆற்றில் பேர்போன வலைக்காரனாக இருந்தவன். "கொலையை விட்டுவிட்டு வா" என்று அம்மை சொன்ன ஒரு சொல்லுக்காக வலையை எரித்துவிட்டு வந்தவன்.

"தாயே, நீங்களா?"

"நல்ல வேளை வந்தாய். மீன் எந்தப் பக்கமாக ஏறும்?"

"என்னிடமா கேட்கிறீர்கள்?"

"உனக்குத்தானே தெரியும்."

"வடகரை ஓரமாக. பாறைக்குக் கீழே ஓய்ந்து நின்று ஏறும். அங்கே பறி வைத்தால் ஒன்றும் தப்பாது."

சொன்ன பிறகு அவனுக்கு உடம்பு கூசியது.

அம்மை ஊராரிடம் திரும்பினார். "அந்தப் பக்கம் மூங்கில் வேண்டாம். இருப்பதைப் பிடுங்கிவிடுங்கள்."

"சாமி, பாதி மீன் அந்த வழியாப் போயிடுமே" என்றான் மாயழகு. ஊரில் அவன் பேச்சுக்குத்தான் மதிப்பு.

"போகட்டும் மாயழகு. ஒரு பக்கம் திறந்துவிடுவதாகப் பேசித்தானே நான் தண்ணீரில் இறங்கினேன்?"

மாயழகு முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பிடுங்கினான்.

அம்மை பறிக்குள் கைவிட்டுக் கெண்டையை எடுத்துச் சடையப்பனிடம் நீட்டினார். "கூடையில் போடு."

அவன் வாங்கினான். பிடித்த பிடியில் மீனின் வயிற்றிலிருந்து முட்டைகள் மஞ்சளாக வழிந்து அவன் விரல்களில் ஒட்டின. கூடை வரை போவதற்குள் அது அடங்கிவிட்டது.

அன்று அவன் சாப்பிடவில்லை. பொழுது சாய்ந்ததும் அம்மையின் எதிரே போய் நின்றான்.

"சினை மீனைக் கொல்லாதீர்கள் என்று வருஷா வருஷம் இந்தக் கரையில் நின்று கெஞ்சினீர்களே, தாயே."

"கெஞ்சினேன்."

"இன்று உங்கள் கையாலேயே..."

"கெஞ்சிய வருஷமெல்லாம் அவர்கள் கரைக்குக் கரை அடைத்தார்கள். என் கை சுத்தமாக இருந்தது, சடையப்பா. ஒரு மீனாவது மேலே போயிற்றா?"