வாளியில் முன்பு என்ன இருந்தது?

குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது. சீடர் வரதராஜுலுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தாடிகூட சீடருக்குத்தான்.

கொளத்தூரில் ஒரு மொட்டைமாடி முழுக்க டப்பாவும் டிரம்மும் வாளியுமாக அடுக்கி மீன் வளர்ப்பவள் ஜெசிந்தா. அவற்றில் ஒன்றுகூடப் புதிது இல்லை. எல்லாம் யார் யாரோ பயன்படுத்திக் கழித்துக்கட்டியவை. மீன்கள் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, கொழுகொழுவென்று இருந்தன.

வரதராஜுலு வீட்டில்தான் மீன் செத்தது. பெயிண்ட் வாளியில் விட்டார், செத்தது. பிஸ்கட் டப்பாவில் விட்டார், அதிலும் செத்தது. அவர் டவுன் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவார் என்று பெயர். அந்தக் கை சும்மா இருக்குமா? மீன் சாகும்போதெல்லாம் டப்பா கொடுத்த கடைக்காரனைப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் பெரிய கண்ணாடிக் கலர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மாடியேறி வந்தார்.

"வீட்ல இருக்கற பெரிய கண்ணாடித் தொட்டி அடியில விரிசல் விட்டுடுச்சும்மா. ஒட்டக் குடுத்திருக்கேன். மீனுங்கள தண்ணிக் குடத்துல விட்டு வெச்சிருக்கேன்."

"குடத்துலயா?"

"வேற வழி? இந்தத் தடவையும் செத்துப்போச்சுன்னா வீட்ல இனிமே மீன் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு பங்கஜம் சொல்லிட்டா. செத்ததையெல்லாம் முருங்கை மரத்தடியில புதைச்சது அவதான்."

சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பங்கஜம் அவர் மனைவி. விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. குடத்தில் இருந்தவற்றில் ஒரு வயதான தங்கமீன் உண்டு. வரதராஜுலு விரலை நீட்டினால் வந்து வாய் வைக்கும். அதைப் பறிகொடுக்க அவருக்குத் தெம்பு இல்லை.

ஜெசிந்தா பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல முன்னாடி என்ன சார் இருந்துச்சு?"

"காயலான் கடையில காலியாத்தாம்மா குடுத்தான்."

"காலியாகறதுக்கு முன்னாடி?"

"அது கேக்கல. அடியில பாருங்க, முக்கோணத்துக்குள்ள அஞ்சுன்னு போட்டிருக்கு. நல்ல பிளாஸ்டிக்காம்."

"பிளாஸ்டிக் நல்லதுதான். அது யாரோட சேர்ந்து இருந்துச்சுன்னு அந்த அஞ்சு சொல்லுமா?"

"அதான் கழுவிட்டேனே! சோப்புத்தூள் போட்டு ஒரு கை, புளி போட்டு ஒரு கை. அப்புறம் மஞ்சள் தேச்சு, சாம்பிராணியும் காட்டிட்டேன். மோந்து பாருங்க, என்னா வாசனை."

அவள் மோந்து பார்த்தாள்.

"கோயில் மாதிரி இருக்கு. உள்ள குடியிருக்கப்போறது மீன் சார்."

அடுப்பில் இருந்த வெந்நீரைக் கொஞ்சம் பெட்டிக்குள் ஊற்றி, மூடியை அழுத்தி, வெயிலில் வைத்தாள். இருவரும் டீ குடித்தார்கள். டீ குடித்து முடித்ததும் மூடியை லேசாகத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள்.

முதலில் சாம்பிராணி வந்தது. அடுத்து சோப்பு. அதற்கும் அடியிலிருந்து சுருக்கென்று ஒன்று மூக்கில் ஏறியது. எறும்பு மருந்தோ, கரப்பான் மருந்தோ, அந்த ஜாதி.

வரதராஜுலு எழுந்துவிட்டார். "அவன நான் சும்மா விடமாட்டேன்."

"அவன் டப்பாதான சார் வித்தான். மீன் தொட்டின்னா சொல்லி வித்தான்?"

"சரி, இன்னும் எத்தனை தடவ கழுவுனா போவும்?"

ஜெசிந்தா அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி பெட்டியின் அடியில் ஓட்டை போட்டாள். மண் கொட்டினாள். கனகாம்பர நாற்று ஒன்றைப் பிடுங்கி வந்து அதில் நட்டாள்.

கையில் இருந்த பெட்டியும் போயிற்று.

"நட்டதுதான் நட்டீங்க, கீரையாவது போட்டிருக்கலாம்."

"கீரையைத் தின்னணுமே சார். பூவைத் தலையிலதான் வெப்பாங்க."

அவர் மாடியிறங்கி நேரே கடை வீதிக்குப் போனார்.

அன்றைக்குக் கடை வீதி பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. வாளி என்று எதைக் கண்டாலும் நிறுத்தி விசாரித்தார். இதில் என்ன இருந்தது, அதற்கு முன் என்ன இருந்தது, யார் கழுவியது, எதைப் போட்டுக் கழுவியது? வாளிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். ஊறுகாய் வாளியைத் தாமாகவே வேண்டாம் என்றார். பினாயில் வாளிக்காரனை முறைத்துவிட்டு நகர்ந்தார். கடைசியில் ஒரு மெஸ் வாசலில் அன்று காலைதான் காலியான பெரிய தயிர் வாளி கிடைத்தது. உள்ளே புளிச்ச வாடை. வேறு ஒன்றும் இல்லை.

போனில் ஜெசிந்தாவிடம் சொன்னார்.

"தயிர் பரவாயில்ல. சோப்பு மட்டும் தொடாதீங்க. வெந்நீர் ஊத்துங்க, கல்லுப்பு போட்டுப் புது நாரால தேயிங்க. நல்லா அலசி வெயில்ல கவுத்துங்க. சாயங்காலம் தண்ணி ரொப்பி விடிய விடிய திறந்து வைங்க. காலைல நான் வரேன்."

"மஞ்சள்?"

"வேணாம்."

"கொஞ்சமா?"

"சார்."

அதற்குள் குடத்தில் இருப்பவை செத்துவிடக் கூடாதே என்று அவருக்கு ஒரே பதைப்பு. காலையில் பிடித்து வைத்த தண்ணீரால் குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருந்தார். பங்கஜம் பக்கத்து வீட்டில் குடிதண்ணீர் வாங்கி வந்தாள். அவள் பேசாமல் இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஜெசிந்தா வந்தாள். வாளித் தண்ணீரின் மேல் குனிந்து மோந்து பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"ஒன்னும் இல்ல. தண்ணி தண்ணியா இருக்கு. விடுங்க."

வரதராஜுலுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாளித் தண்ணீரைக் குடத்தில் கொஞ்சம் கலந்து, சற்றுப் பொறுத்து, குடத்தை மெல்லச் சாய்த்தார். மீன்கள் ஒவ்வொன்றாக வாளிக்குள் வழுக்கி இறங்கின. பங்கஜம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

தங்கமீன் மட்டும் வரவில்லை. குடத்தின் அடியில் போய் ஒண்டிக்கொண்டது.

"நான் விரல விட்டா வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே வரதராஜுலு சட்டைக் கையை மடித்தார். குடத்துக்குள் கையை விடப்போனார்.

காரமான வாடை ஒன்று மூக்கில் ஏற, ஜெசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சார் தடவியிருக்கீங்க?"

"ஒன்னும் தடவலயே. முட்டி வலிக்குத் தைலம் தேச்சேன், அவ்ளோதான். தினம் தேய்க்கறதுதான்."

"எப்ப தேய்ப்பீங்க?"

"எழுந்ததும். தேச்சிட்டு வந்துதான் மீனுக்குத் தீனி..."

பங்கஜம் வாளியிலிருந்து கண்ணை எடுத்து அவர் கையைப் பார்த்தாள்.

ஜெசிந்தா குடத்தை வாங்கி, அடியை ஒரு கையால் தாங்கி, இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். தங்கமீன் தானாகத் திரும்பி வாளிக்குள் போயிற்று.

"அப்போ அந்த பெயிண்ட் வாளி?" என்று கேட்டார் வரதராஜுலு.

"அதுல மீன் எதனால செத்துச்சோ, தெரியாது சார்."

"பிஸ்கட் டப்பா? அவன் கடை வாசல்ல நின்னு கத்தினேனே."

அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இத எதப் போட்டும்மா கழுவறது?"

"கழுவறது இருக்கட்டும் சார். முதல்ல மோந்து பாருங்க."