கூழைக்கடா கேட்ட கடைசிச் சொல்

"...அதுவரைக்கும் நீ வாயே திறக்கலைன்னு வெச்சுக்கோ!"

கிழட்டு வக்காக் கொக்கு ஏரிக்காவலைக் கரிச்சான் குருவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும்போது சொன்னது இது. முன்பாதியில் வேறென்னவோ இருந்தது. கரிச்சானுக்கு அது மறந்துபோயிற்று.

ஏரி நடுவில் நின்ற கருவேல மரத்தின் உச்சிதான் கரிச்சானின் இடம். சுற்றிலும் மரங்கள். இடையில் ஒரே ஒரு நீர்த்தடம்தான் திறந்து கிடந்தது. வருகிற பறவை அதில்தான் இறங்க வேண்டும். போகிற பறவையும் அதில்தான் ஓடி எழும்ப வேண்டும். மார்கழிப் பனி நீரை மூடிவிட்டால் கீழே இருப்பவருக்கு எதிரே வருவது தெரியாது. உச்சியில் இருக்கும் கரிச்சானுக்குத் தெரியும். அது வழி சொல்லும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இறக்கை விரிக்கலாம். இதுதான் அந்த ஏரியின் வழக்கம்.

சிறகி வாத்து திருப்பிச் சொல்லும். நாரை திருப்பிச் சொல்லும். கூழைக்கடா மட்டும் சொல்லாது.

"நான் என்ன கிளியா, நீ சொன்னதையே சொல்ல?" என்று ஒருநாள் அது தாடைப்பை குலுங்கச் சிரித்தது. அதன் கூட்டமே சிரித்தது. உருவத்தில் அதன் அலகளவுகூட இல்லாத கரிச்சானும் கூச்சத்தோடு சிரித்து வைத்தது. அன்றிலிருந்து கூழைக்கடாவிடம் 'சரி' என்ற ஒரு வார்த்தையே போதும் என்றாகிவிட்டது.

அன்று விடியலில் பனி கனத்துக் கிடந்தது. நத்தைகுத்தி நாரைகள் வந்து சேர்ந்தன.

"கரிச்சானே! நாங்க பன்னிரண்டு பேர். இறங்கலாமா?"

"ஒருத்தர் பின்னால ஒருத்தரா இறங்குங்க!"

"ஒருத்தர் பின்னால ஒருத்தரா இறங்குறோம்!"

பதினொன்று இறங்கிவிட்டன. சிறகு நொந்து பின்தங்கிய வெள்ளச்சி என்ற நாரை மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது.

தடத்தின் மறுமுனையில் கூழைக்கடா தண்ணீரைத் தட்டியது.

"என்னப்பா கரிச்சான்! கிளம்பட்டுமா? வெயில் ஏறினா மீனெல்லாம் அடியில போயிடும். நீர்க்காகம் முந்திக்கும்!"

"ஒருத்தி பாக்கி, அண்ணே! அவ இறங்கி ஆகட்டும்!"

அந்த நேரம் பார்த்து, இறங்கிய நாரைகள் அலகைத் தட்டி ஒன்றையொன்று தேடின. அந்தச் சத்தத்தில் முன்பாதி அமுங்கிப்போயிற்று. கூழைக்கடாவின் காதுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு சொல்தான்: "ஆகட்டும்!"

"சரி!" என்றது கூழைக்கடா.

'சரி, கிளம்புகிறேன்' என்பது அதன் எண்ணம். 'சரி, காத்திருக்கிறேன்' என்று கரிச்சான் எடுத்துக்கொண்டது. இருவருக்கும் திருப்தி.

பனிக்குள் தண்ணீரை அறையும் சத்தம் எழுந்தது. தப், தப், தப்!

"அண்ணே! நில்லுங்க! நில்லுங்க!"

ஓடத் தொடங்கிய கூழைக்கடாவால் நிற்க முடியாது. உடம்பு அப்படி. பனிக்குள் ஒரே ஒரு மோதல் கேட்டது. கூழைக்கடாவுக்கு நாலு இறகு போயிற்று. வெள்ளச்சிக்குக் கழுத்து முறிந்தது.

மதியம் எல்லாரும் கூடினார்கள்.

"ஆகட்டும்னு இவன்தான் சொன்னான்!" என்றது கூழைக்கடா.

"இறங்கி ஆகட்டும்னு சொன்னேன், அண்ணே."

"அப்படின்னா சத்தமாச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

வெள்ளச்சியின் தங்கை கூழைக்கடாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கரிச்சானிடம்தான் கேட்டது.

"எங்க பன்னிரண்டு பேரையும் திருப்பிச் சொல்ல வெச்சியே. அவரை ஏன் வைக்கலை?"



ஏரியில் கூழைக்கடாக்கள் அதிகம். ஆகவே, குற்றம் பனியுடையது என்று தீர்ப்பாயிற்று. பனி மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் விடியலிலும் அதே பனி. அதே கூழைக்கடா.

"கிளம்பட்டுமா?"

"சிறகிக் கூட்டம் எழும்பின பிறகு நீங்க கிளம்புங்க."

"சரி!"

"'சரி' வேண்டாம், அண்ணே. நான் சொன்னதைச் சொல்லுங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? நான் என்ன கிளியா?"

கூட்டம் சிரித்தது. இந்த முறை கரிச்சான் சிரிக்கவில்லை. தடத்தின் ஓரத்தில் ஒரு நாரையின் இறகு இன்னும் மிதந்துகொண்டிருந்தது. வக்கா சொன்னதன் முன்பாதி அப்போதுதான் அதற்கு நினைவு வந்தது. 'எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் திருப்பிச் சொல்லச் சொல்லு.'

பெரியவரிடம் கூசி நாம் விட்டுக்கொடுக்கும் வழக்கத்துக்கு, உயிரைக் கொடுப்பவர் எளியவர்தான்.

திருப்பிச் சொல்லாத கூழைக்கடாவுக்கு அன்று வெயில் உச்சிக்கு வரும்வரை கரிச்சான் வழி விடவில்லை.