உப்புத் தெருவின் பச்சைச் சேலை

முன்னொரு காலத்தில், காலையில் மனதில் தோன்றியது மதியத்துக்குள் சட்டமாகிவிட வேண்டும் என்று அடம்பிடிக்கும் ராஜா ஒருவர் இருந்தார். ஒரு நாள் எல்லைக் கிராமம் ஒன்றுக்குப் போனவர், தாம் அனுப்பிய ஓலையை வாசிக்க அங்கே ஓர் ஆள்கூட இல்லை என்று கண்டு திடுக்கிட்டார். அன்றே தண்டோரா முழங்கியது. கலாசாலையில் படிக்கும் ஏழைகளுக்குக் கட்டணம் கட்ட ஏழைக்கொடை. படித்து முடித்து, வாத்தியார் இல்லாத இடத்தில் நாலு வருஷம் பாடம் சொல்லித் தர ஒப்புக்கொள்பவர்களுக்குச் சோற்றுக்கும் ஏட்டுக்கும் ஆசான்கொடை.

ஆறு மாதம் கழிந்தது. உப்பளத்தில் உப்பு வாரும் பேச்சிக்கனிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கலாசாலையில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் பௌர்ணமிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அரண்மனைக்கு ஓடினாள். "கிழிசலோட உள்ள விடமாட்டோம், போ!" என்றான் வாசல் காவலன். மறுநாள் நல்ல பச்சைச் சேலை உடுத்திப் போனாள். கொடைகளைக் கவனிக்கும் மந்திரி பரிபூரணர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டுக்கரைச் சேலை உடுத்தியவள் ஏழையா? ஏழைக்கொடை கிடையாது."

"அப்போ ஆசான்கொடையாவது தாங்கய்யா."

"இதுவரை யாருக்காவது பாடம் சொல்லித் தந்திருக்கிறாயா?"

"படிச்சாத்தானய்யா சொல்லித்தர முடியும்?"

"சொல்லித் தந்திருந்தால்தான் படிக்கக் கொடை. போகலாம்."

பேச்சிக்கனிக்குத் தலை சுற்றியது. கிழிசல் கட்டினால் ஏழைதான், ஆனால் உள்ளே போக முடியாது. நல்லது கட்டினால் உள்ளே போகலாம், ஆனால் ஏழை இல்லை. எது முன்னே, எது பின்னே? யோசிக்க யோசிக்க, தான் ஏழைதானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

படிக்கட்டில் அரசவை விகடகவி கொண்டலப்பன் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தான்.

"என்ன தாயி, அந்தத் தூண மூணு தடவ சுத்திட்ட? சாமியா அது?"

அவள் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்தச் சேல உன்னுதா?"

"இல்லய்யா, எங்க தெருவோடது. கல்யாணமோ கோயிலோ, வெளிய போறவுக இதத்தான் கட்டுவாவ. நாளைக்கு எங்க சித்தி முறை."

கொண்டலப்பன் மெல்லுவதை நிறுத்தினான்.

அன்று மாலை சபையில் பரிபூரணர் எழுந்தார். "மகாராஜா! ஆறு மாதமாக ஓர் ஏழைகூடக் கொடை பெறவில்லை. தங்கள் ஆட்சியில் ஏழையே இல்லை!"

ராஜா பூரித்துப் போனார். "அப்படியானால் கொடையை நிறுத்தி, அந்தப் பொன்னில் விழா எடுப்போம்!"

கொண்டலப்பன் இருமினான். அவனை எப்போது துரத்தலாம் என்று காத்திருந்த பரிபூரணர் பாய்ந்தார். "சந்தேகமா? நாளை உச்சிப்பொழுதுக்குள் தலைவாசல் வழியாக ஓர் ஏழையை இங்கே கொண்டுவாரும். இல்லையேல் நாட்டை விட்டுப் போம்!"

மறுநாள்தான் பௌர்ணமி. விடிந்ததும் தலைவாசலுக்கு வெளியே உப்புத் தெருப் பெண்கள் சூழ ஒரு கூண்டுவண்டி வந்து நின்றது.

"உள்ள போயி ராசாவக் கும்பிடு. திரும்பி வந்து வண்டிக்குள்ள சேலய மாத்தி அடுத்த ஆளுக்குக் குடு" என்றான் கொண்டலப்பன்.

"எதுக்குய்யா?"

"போ தாயி!"

பேச்சிக்கனி போனாள், கும்பிட்டாள், திரும்பினாள். அவள் பழைய கிழிசலுக்கு மாற, சித்தி சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். "ஏட்டி, கும்பிட்டா என்ன தருவாவளாம்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மாடத்தி. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பதினெட்டுப் பேர் போய் வந்ததும் மறுபடி பேச்சிக்கனியின் முறை வந்தது.

"நில்!" என்றார் ராஜா. "காலையிலிருந்து எல்லாரும் பச்சைச் சேலையிலேயே வருகிறீர்கள். உங்கள் தெருவில் இதுதான் நாகரிகமோ?"

சவுக்கடிதான் என்று நினைத்துக்கொண்டே பேச்சிக்கனி சொன்னாள். "நாகரிகம் இல்ல மகாராசா. இருக்கதே இந்த ஒண்ணுதான். நான் போயி அவுத்துக் குடுத்தாத்தான் அடுத்த ஆளு வர முடியும். கிழிசலோட வந்தா காவக்காரரு விரட்டுதாரு."

ராஜா மந்திரியைத் திரும்பிப் பார்த்தார்.

"மந்திரியார் ஓர் ஏழையைக் கேட்டார், பிரபு," என்றான் கொண்டலப்பன். "ஒரு சேலைக்குள் ஒரு தெருவையே கொண்டுவந்தேன்."

பரிபூரணர் விடவில்லை. "ஏழைக்கொடை போகட்டும். ஆசான்கொடை கிடையாது! இவள் யாருக்குப் பாடம் சொல்லித் தந்தாள்?"

"ஆறு மாதமாக உமக்குத் தெரியாததை இப்போது ஒரு மூச்சில் சொல்லித் தந்தாளே! மகாராஜாவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டாரே!"

ராஜாவின் முகம் சிவந்தது. மீசை துடித்தது. பிறகு கிரீடம் காதுவரை சரியும்படி சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொண்டலப்பனுக்குப் போட்டார். காவலனுக்கு இனித் துணி பார்க்கும் வேலை கிடையாது என்றார். பரிபூரணரோ நாளை முதல் தெருத்தெருவாக நடந்து ஏழைகளைத் தேட வேண்டும்.

"பெண்ணே, நாலு வருஷம் சொல்லித் தராவிட்டால் ஆசான்கொடையைத் திருப்பித் தர வேண்டும். சம்மதமா?"

"எங்க தெருவுலயே வாத்தியாரு இல்லய மகாராசா. அங்கன சொல்லிக்குடுத்தாச் செல்லுமா?"

"செல்லும்!"

பரிபூரணர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கொடைகளுக்குமாக இரண்டு பொன் பைகளோடு வந்தார். பேச்சிக்கனி விழித்தாள். "ஐயா, முதல்ல எத வாங்கணும்? ஒண்ண வாங்குனா இன்னொண்ணு கிடையாதுன்னு ஆயிருமோ?"

"கை ரெண்டு இருக்குல்ல தாயி? நீட்டு!" என்றான் கொண்டலப்பன்.

ராஜா மறுபடி சிரிக்கத் தொடங்கினார். பேச்சிக்கனி அதற்குள் கலாசாலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.