எல்லாரும் உட்கார்ந்த பிறகு

"டீச்சர், மறுபடியும் பசையாயிடுச்சு!"

அருளப்பன் பாத்திரத்தை மேசையில் ணங்கென்று வைத்தார். ஹபீபாவின் சமையல் வகுப்பில் மீசை வைத்த ஒரே மாணவர் அவர்தான். மனைவி ஜெசிந்தா நர்ஸ். அவளுக்கு மாலை ஷிப்டு போட்டதிலிருந்து ராத்திரிச் சமையல் இவர் தலையில் விழுந்துவிட்டது.

ஹபீபா கரண்டியைப் பாத்திரத்தில் நட்டாள். கரண்டி சாயாமல் நின்றது.

"சூப்பா அண்ணே இது? போஸ்டர் ஒட்டலாம்."

வகுப்பே சிரித்தது. அருளப்பன் சிரிக்கவில்லை.

"கேலி அப்புறம் பண்ணுங்க. நீங்க சொன்னதெல்லாம் போட்டேன். தக்காளி, கேரட், ராஜ்மா, கோழி எலும்பு வேகவெச்ச தண்ணி, பாஸ்தா. ஒருத்தரும் வாயில வைக்கல."

"என்ன சொன்னாங்க?"

"எங்கப்பா, இதென்ன கூழான்னாரு. மக ஷெரின் பிரெட்டைத் தின்னுட்டுப் படுத்துட்டா. ஜெசிந்தா வந்து திறந்து பார்த்துட்டு மூடிட்டா."

"மூணு பேரும் ஒண்ணா உட்காரலையா?"

"அதெப்படி? அப்பா செய்தி பார்த்துக்கிட்டே சாப்பிடுவாரு. ஜெசிந்தா வர லேட்டாகும். ஷெரின் முடியை ஒட்ட வெட்டிக்கிட்டதிலேர்ந்து தாத்தாவும் பேத்தியும் பேசறதே இல்ல. அவர் எழுந்து போனாதான் இவ வருவா."

பாத்திரத்தில் நின்ற கரண்டியைப் பிடுங்கி எடுத்தார்.

"ஒரு நாளாவது நாலு பேரும் ஒண்ணா சாப்பிடணும் டீச்சர். அதுக்குத்தான் இந்த சூப்பே. என்ன மசாலா குறையுது, அதைச் சொல்லுங்க."

ஹபீபா டப்பாவிலிருந்து ஒரு பாஸ்தாவை எடுத்து நீட்டினாள்.

"கடிங்க."

"கல்லு மாதிரி இருக்கு."

"தண்ணியில விழற வரைக்கும் எத்தனை மாசம் வேணும்னாலும் காத்திருக்கும். விழுந்துட்டா யாருக்காகவும் காத்திருக்காது. இருக்கிற சூப்பையெல்லாம் அதுவே குடிச்சிடும்."

"அதனால?"

"எல்லாரும் உட்காரட்டும். அப்புறம் போடுங்க."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு. கடிச்சா நடுவுல துளி விறைப்பு இருக்கும் பாருங்க, அப்பவே அடுப்பை அணைச்சிடணும். யார் என்ன பேசிக்கிட்டிருந்தாலும் சரி, ஒரு நொடி தாமதிக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தாவுக்கு லீவு. பாஸ்தா போடாத சூப் கொதித்தது. வாசனை வீடு முழுக்கப் போனது.

முதலில் அப்பா வந்தார். "எடுத்து வைடா."

"எல்லாரும் உட்கார்ந்தாதான்ப்பா."

"யார் போட்ட சட்டம்?"

"பாஸ்தா போட்ட சட்டம்."

அப்பா முறைத்தார். ஆனால் உட்கார்ந்தார். ஜெசிந்தா உட்கார்ந்தாள். ஷெரின் கதவோரம் நின்று பார்த்தாள். பசி. வேறு வழியில்லை. மேசையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள்.

அருளப்பன் பாஸ்தாவைக் கொட்டினார்.

யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் அப்பாவின் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. ஷெரினுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல தாத்தா."

தாத்தா அவள் தலையையே பார்த்தார்.

"காத்து நல்லா வருதா?"

"சூப்பரா வருது."

அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "எனக்கும்தான்."

ஜெசிந்தா குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

அடுப்படியில் அருளப்பன் ஒரு பாஸ்தாவை எடுத்துக் கடித்தார். நடுவில் துளி விறைப்பு. இதுதான் பதம். கை அடுப்பின் திருகுக்குப் போனது.

"தாத்தா, உங்களுக்கு முடி எப்போ கொட்டுச்சு?"

நாற்காலி இழுபடும் சத்தம். அப்பா பேத்தி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதை ஏன் கேக்கற? உங்க பாட்டியைப் பொண்ணு பார்க்கப் போனப்ப, தலையில தொப்பி வெச்சுக்கிட்டுப் போனேன்..."

அருளப்பன் திருகிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.