ஆமைத்துறைப் பூனைகளுக்கு யார் சொந்தம்

கடலில் உப்பு இன்னும் சரியாகக் கரையாமல், கரண்டியால் கலக்கிவிட்டுக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் ஆமைத்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. அதைக் கண்டதேவன் என்ற ராசா ஆண்டார். ராசாவுக்கு மீசை பெரியது. கோபம் மீசையைவிடப் பெரியது. ராணியிடம் பயம் இரண்டையும்விடப் பெரியது.

ஆமைத்துறைக்கு எட்டுத் திக்கிலிருந்தும் மரக்கலங்கள் வரும். மரக்கலம் என்றால் எலி இருக்கும், எலி என்றால் பூனை இருக்கும். அந்த நாள் மாலுமிகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நடுக்கடலில் பூனை குட்டி போட்டால் காற்று எதிர்த்திசைக்குத் திரும்பிவிடுமாம். அதனால் வயிறு பெருத்த பூனையைக் கண்டால், கரை சேர்ந்ததும் முதல் வேலையாக அதை இறக்கிவிடுவார்கள். மிளகு மூட்டையெல்லாம் அப்புறம்தான். சரி, போகும்போது கூப்பிட்டுக்கொண்டு போவார்களா என்றால், மாட்டார்கள். பாயை விரித்துக்கொண்டு போய்விடுவார்கள். பூனை துறைக்கல்லின்மேல் உட்கார்ந்து, மரக்கலம் புள்ளியாகித் தேய்கிறவரை பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படி இறக்கி இறக்கி, ஆமைத்துறையில் மனிதர் பாதி, பூனை பாதி என்று ஆயிற்று. மழை பெய்தால் தாழ்வாரத்தில் மனிதருக்கு இடம் கிடையாது. வலை உலர்த்தினால் அதன்மேல் மீனைவிடப் பூனைதான் அதிகம் கிடக்கும். நிழல் பற்றாமல், ஒரே தென்னையின் நிழலில் பூனைகள் முறை வைத்துப் படுத்துக்கொண்டதாகக்கூடச் சொல்வார்கள். நேரில் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை, ஆகவே மறுக்கவும் ஆளில்லை.

அந்த ஊரில் சோலைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கருவாட்டுக் களத்தில் வேலை. தலையை ஒரு பக்கம், உடலை ஒரு பக்கம் பிரித்துப் போடுவாள். கழித்துப் போட்ட தலைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, விடிந்தும் விடியாததுமாக இடிந்த கலங்கரை விளக்கத்தின் பின்னால் போவாள். "பூஸ், பூஸ்" என்பாள். கல்லுக்குக் கல் ஒரு பூனை முளைக்கும். முதலில் வருவது எப்போதும் அரைவால் செவலைதான். முதன்முதலாக வந்தபோது மூஞ்சியெல்லாம் நூலாம்படையோடு வந்ததால் அதற்கு ஒட்டடை என்று பெயர் வைத்திருந்தாள்.

இதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஊர் சிரிக்கும். சிரித்தாலும் போகட்டும். சோலைச்சி பூனைக்குச் சோறு வைக்கிறாள் என்று தெரிந்துவிட்டால், ஊரில் வேண்டாத குட்டியெல்லாம் கூடையோடு அவள் வாசலுக்கு வந்து இறங்கிவிடும். அதனால் நாலு பேர் பார்க்கும்போது விளக்குமாற்றை ஓங்குவாள். "போ சனியனே" என்பாள். ஒட்டடையும் விவரம் தெரிந்தது. பயந்து ஓடுவதுபோல் நாலடி ஓடிவிட்டு, திரும்பி அவளைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறக்கும்.

ஆனால் இந்த ரகசியம் அவளைத் தூண்டில்போல் ஊரோடு கோத்துப் போட்டிருந்தது. தங்கை மகள் காதுகுத்துக்குப் போகவில்லை. ஆற்றங்கரைத் திருவிழாவுக்குப் போகவில்லை. அக்கரையில் நல்ல கூலி என்று கூப்பிட்டார்கள், அதற்கும் போகவில்லை. 'என்னை விட்டால் இதுகளுக்கு ஆரு இருக்கா?' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

அப்படி இருக்கையில் அரண்மனையில் ஒரு விருந்து வந்தது. கடல் கடந்து வந்த விருந்தாளிக்காக ஒரு வஞ்சிர மீனைப் பொரித்தார்கள். தலை கூடத்தில் இருந்தால் வால் அடுக்களையில் இருக்கும், அவ்வளவு நீள மீன். விருந்து முடிவதற்குள் மீனைக் காணவில்லை. முள் மட்டும் சீப்புப்போல் சுத்தமாகக் கிடந்தது. ராணி கேட்டாள். ராசா இருமினார். "பூனை திருடிவிட்டது" என்றார்.

மந்திரி குழைக்காதர் உடனே ஓலை எழுதிவிட்டார். மறுநாள் பறையடித்துச் சொன்னார்கள். ஊர்ப் பூனைகள் எல்லாவற்றையும் பிடித்துக் கூடையில் அடைக்க வேண்டும். சொந்தக்காரர் இல்லாத பூனைகளைச் சுடுமணல் தீவில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். சொந்தக்காரர் என்று வருகிறவர்கள் பூனையை மீட்டுக்கொள்ளலாம், ஆனால் களவுக்குத் தண்டனையாக அலைத்தடுப்புச் சுவர் முடிகிறவரை கல் சுமக்க வேண்டும்.

சுடுமணல் தீவு எது என்று ஆமைத்துறையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே குடிக்க ஒரு வாய் தண்ணீர் கிடையாது. பறவைகூட இறங்காமல் சுற்றிக்கொண்டு போகும்.

அதுவரை பூனையை மடியில் வைத்துக் கொஞ்சியவர்கள் எல்லாம் மடியைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். "எங்க வீட்டுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே இல்லீங்க" என்றார் ஒருவர். கல்லின் கனம் அப்படி.

சோலைச்சி தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். மெலிந்த தோள். கல்லை நினைத்தால் பயமாக இருந்தது. தீவை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துறைச் சாவடிக்கு நடந்தாள்.

சாவடியில் கூடைகள் குன்றாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு கூடையும் கத்தியது. ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. மந்திரி முதல் கூடையைத் தட்டினார். உள்ளேயிருந்து அரைவால் எட்டிப் பார்த்தது.

"இது யாருடைய பூனை?"

"என்னோடது எசமான். பேரு ஒட்டடை" என்றாள் சோலைச்சி.

"இந்தக் கூடை?"

"அதுவும் என்னோடதுதான்."

"அதோ, அந்தக் கூடை?"

"அதுவும்."

"ஏனம்மா, உன் வீட்டில் நீ உட்கார இடமிருக்கா, இல்லை நீயும் கூடைக்குள்ளேதானா?" என்று மந்திரி கேட்டார். ஊர் சிரித்தது. சோலைச்சி தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் நகரவில்லை.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு மீரான் மரைக்காயர் வந்தார். அவர் மரக்கலங்களுக்குப் பாய் தைப்பவர். தலைப்பாகையில் கோணி ஊசி குத்தியிருக்கும், வாயில் எந்நேரமும் வசவு இருக்கும். "தள்ளுங்கப்பா. அந்த அரைவால் என் பூனை. பேரு சுக்கான். வாலைத் திருப்பினா உடம்பு திரும்பும், அதான் அந்தப் பேரு."

சோலைச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மரைக்காயரே, நேத்துத்தானே அது மேல செருப்பை எறிஞ்சீரு. என் கண்ணால பாத்தேன்."

"எறிஞ்சேன் தங்கச்சி. பட்டுச்சா? எத்தனையோ வருசமா எறியறேன், ஒரு நாளாவது பட்டிருக்கா? ஆளுக பாக்கும்போது எறியாம வேற என்ன செய்யச் சொல்றே? இவன் பூனை வளக்கறான்னு தெரிஞ்சா, ஊரு பூராக் குட்டியைக் கொண்டாந்து என் பட்டறையில போட்டுட மாட்டாங்களா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள், மூச்சிரைக்க மூன்றாவது ஆள் வந்தார். கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் திருமேனி. வயிறு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். "நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ. அது என் குழந்தை. தயிர்சாதம் சாப்பிடற பிள்ளை. பேர் நெய்க்குடம்."

மந்திரி எழுத்தாணியைக் கீழே வைத்தார். "கல் சுமக்கப் பயந்து பொய் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கல் சுமக்க ஆசைப்பட்டு மூன்று பேர் பொய் சொல்வதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். அவருக்குத் தீர்ப்பு தோன்றவில்லை. ராசாவுக்கு ஆள் அனுப்பினார்.

ராசா பல்லக்கில் வந்து இறங்கினார். கூடைப் பக்கம் கண்ணைத் திருப்பாமலே ஆசனத்தில் உட்கார்ந்தார். "ஒரே கேள்விதான். மூவரும் தனித்தனியாக என் காதில் சொல்லுங்கள். இந்தப் பூனை எங்கே தூங்கும்?"

சோலைச்சி சொன்னாள்: "காலையில தின்னுட்டு, எங்க களத்து ஓலைப்பாயில."

மீரான் சொன்னார்: "உச்சி வெயில்ல தின்னுட்டு, என் பட்டறையில பாய்த்துணி மடிப்புக்குள்ள."

திருமேனி சொன்னார்: "சாயங்காலம் சாப்பிட்டுட்டு, மடப்பள்ளிச் சாம்பல்ல."

ராசா மீசையைத் தடவினார். "மூன்று பேரும் மெய்தான் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று இடத்தில் தின்று, மூன்று இடத்தில் தூங்குவதைத் தவிரப் பூனைக்கு வேறென்ன வேலை?"

சோலைச்சிக்கு முதலில் வந்தது கோபம்தான். கூடையருகில் குனிந்தாள். "அடப்பாவி, மூணு வீட்டுலயா தின்னே? எங்கிட்ட வரும்போது ஏழு நாள் பட்டினி கிடந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவியே." ஒட்டடை என்கிற சுக்கான் என்கிற நெய்க்குடம் கொட்டாவி விட்டது.

பிறகு அவள் நிமிர்ந்து மற்ற இருவரையும் பார்த்தாள். இத்தனை வருசமும் இந்தப் பாரத்தின் மற்ற இரண்டு முனையை இவர்கள் பிடித்திருந்திருக்கிறார்கள். அவளுக்குத்தான் தெரியவில்லை. அவளுடைய நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. இரண்டு கையையும் கூப்பினாள்.

"என்னத்துக்குத் தங்கச்சி கும்புடுறே?" என்றார் மீரான்.

"நான் ஒருத்திதான்னு நெனச்சிருந்தேன் அண்ணே" என்றாள் சோலைச்சி. மீரான் தலைப்பாகையிலிருந்த ஊசியைப் பிடுங்கி, மறுபடியும் அங்கேயே குத்திக்கொண்டார். திருமேனி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாம்பல் பட்டுடுத்து" என்றார். அன்றைக்கு அவர் அடுப்பே பற்றவைக்கவில்லை.

மந்திரி மட்டும் விடவில்லை. "மகாராசா, ஓலையில் 'சொந்தக்காரர்' என்று ஒருமையில் எழுதியிருக்கிறது. மீனைத் தின்றது இந்த அரைவால்தான் என்று அடுக்களை ஆட்கள் சொல்கிறார்கள். இதற்குச் சொந்தக்காரர் ஒருவர்தான் வேண்டும்."

"நான் சுமக்கறேன்" என்றாள் சோலைச்சி. "பேசாம இரு, நான் சுமக்கறேன்" என்றார் மீரான். "எனக்கு வயிறு குறையணும், நான் சுமக்கறேன்" என்றார் திருமேனி.

"அப்படியானால் பூனையே சொல்லட்டும். திறந்து விடுங்கள்" என்றார் மந்திரி. ராசா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூடையைத் திறந்துவிட்டார்கள்.

பூனை வெளியே வந்தது. முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. சோலைச்சியைக் கடந்தது. மீரானைக் கடந்தது. திருமேனியைக் கடந்தது. நேராகப் போய் ராசாவின் மடியில் தாவி ஏறி, பழகிய இடம்போலச் சுருண்டுகொண்டு, அவர் மீசையை நக்கியது.

ஊரே ராசாவின் மீசையைப் பார்த்தது.

ராசா கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கடைசியில் மந்திரியைப் பார்த்தார். "விருந்தாளி பாடிக்கொண்டிருந்தாரய்யா. முடிகிற மாதிரி இல்லை. இது ஜன்னலில் வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தது. ஒரு துண்டு பிய்த்துப் போட்டேன்."

"ஒரு துண்டா, மகாராசா? கூடத்திலிருந்து அடுக்களை வரைக்கும் நீண்ட மீனாயிற்றே."

"பாட்டும் நீளம்" என்றார் ராசா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராணி கேட்டபோது, நான் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பழியை இதன்மேல் போட்டுவிட்டேன். நான் ஒளித்ததற்கு இதுகள் தண்ணீரில்லாத தீவுக்குப் போக இருந்தன. நீங்கள் மூவரும் வராமல் போயிருந்தால், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதற்கு உங்களுக்கு நான் கடமைப்பட்டவன்."

சொல்லிவிட்டு எழுந்தார். பூனையைச் சோலைச்சி கையில் கொடுத்தார். கிரீடத்தைக் கழற்றி மந்திரி கையில் கொடுத்தார். சும்மாட்டுத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு துறைக்குப் போய், முதல் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ராசா கல் சுமந்தால் குடிகள் நிற்க முடியுமா? சோலைச்சி ஒரு கல் எடுத்தாள். மீரான் ஒன்று எடுத்தார். திருமேனி ஒன்று எடுத்தார், சின்னதாகப் பார்த்து. அதற்கப்புறம்தான் வேடிக்கை. அதுவரை மடியைத் தட்டிவிட்டவர்கள் எல்லாம் கூடைகளிடம் ஓடினார்கள். "வெள்ளைக்காலு எங்களது." "அந்தச் சாம்பல் குண்டு எங்க வீட்டு அரிசிப் பானை மேலதான் தூங்கும்." கூடைகள் தீர்ந்துபோயின, சொந்தக்காரர்கள் தீரவில்லை. அலைத்தடுப்புச் சுவர் காற்றுக்காலம் வருமுன்னே முடிந்துவிட்டது. பூனைகள் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து, கல் கோணலாக இருந்தால் கத்திக் காட்டின என்பார்கள். அதையும் மறுக்க ஆளில்லை.

மாலுமிகளுக்கும் ஒரு கட்டளை வந்தது. வயிற்றுப் பூனையை இறக்கினால், அது ஈன்று, குட்டி கண் திறந்து, தாயும் பிள்ளையும் ஏறுகிறவரை மரக்கலமும் துறையிலேயே நிற்க வேண்டும். அப்புறம் ஒரு பூனையும் இறங்கவில்லை. நடுக்கடலில் எத்தனையோ குட்டிகள் பிறந்தன. காற்று ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கல் சுமந்ததில் சோலைச்சிக்குக் கால் பிசகியிருந்தது. சுவர் முடிந்த மறுநாள் காலை வழக்கம்போல் விழிப்பு வந்தது, ஆனால் எழ முடியவில்லை. பதறிப்போய் வீட்டுச் சுவரைப் பிடித்தாள். அப்போது கலங்கரை விளக்கத்தின் பக்கமிருந்து இரண்டு குரல்கள் காற்றில் வந்தன.

"சாமி, பூனைக்கு யாராவது காலங்காத்தால தயிர்சாதம் போடுவாங்களா?"

"நீர் கருவாட்டுத் தலையை வைக்கறீரே, தொண்டையில முள்ளு குத்தினா ஆர் பார்ப்பா?"

"அதுக்குப் பேரு சுக்கான். ஒழுங்கா பேரைச் சொல்லிக் கூப்பிடும்."

சோலைச்சி பிடித்த சுவரை விட்டாள். பாயில் மறுபடியும் சாய்ந்து, சத்தம் வந்த திசையைப் பார்த்துப் படுத்தபடியே ஒரு கும்பிடு போட்டாள். வெயில் ஏறி முற்றத்துக்கு வந்தபோதும் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகையால் கேட்டவர்களே, நல்ல காரியத்தை ஒளித்துச் செய்கிறவர் தனியே சுமக்கிறார், வாய்விட்டுச் சொல்கிறவருக்கோ தோள் கொடுக்கும் துணை பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும்.