மூன்று மூச்சு நின்றால் கல்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. சீன தேசத்தில், ஒரு மலையடிவாரத்தில், ஒரு குங்ஃபூ பள்ளி. அங்கே ரூயி என்ற பெண் படித்தாள். ஒரே ஒரு மாதம். கால் வைத்து நிற்கச் சொல்லித்தந்த ஒவ்வொரு நிலைக்கும் "இது எதுக்கு?" என்று கேட்டதால், ஆசான் கெங் அவளை வெளியே அனுப்பிவிட்டார். கேள்வி கேட்டது ஒரு குற்றமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பள்ளியில் ஒரு விதி. ஒவ்வொரு நிலையிலும் மூன்று மூச்சு அசையாமல் நிற்க வேண்டும். பார்க்க அழகாக இருக்குமாம்.

ஒருநாள் மனிதரைக் கல்லாக்கும் மாயாவி ஒருவன் மலைப்பாதையை மறித்து நின்றான். "என் முதுகு மண்ணில் பட்டால்தான் என் மந்திரம் போகும்" என்றான்.

மூத்த சீடன் போனான், கல்லானான். இரண்டாம் சீடன் போனான், கல்லானான். மூன்றாவதாகப் போனவன் ரூயியின் அண்ணன் போவென். ரூயி பாறை மறைவிலிருந்து பார்த்தாள். அண்ணன் கால் அகட்டி, முழங்கால் மடக்கி, குதிரை நிலையில் நின்றான். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாம் மூச்சில் கல்.

ரூயி பள்ளிக்கு ஓடினாள்.

"ஆசானே, அவன் மந்திரம் பிடிக்க மூணு மூச்சு வேணும். நாமதான் நின்னு கொடுக்கிறோம்."

"நிலை என்றால் நிற்பதுதானே, பெண்ணே?"

"அடிக்க வர்றவன் எதிரே நின்னு காட்டுவாங்களா? நிலைங்கறது கடந்து போற இடம். குடியிருக்கிற இடம் இல்ல."

"அப்போ முன்னோர் முட்டாள்களா?"

"அவங்க சண்டை போட்டாங்க. நாமதான் அதைப் படமா மாட்டி வச்சிருக்கோம்."

ரூயி மலையேறினாள். ஆசான் பின்னாலேயே போனார்.

மாயாவி சிரித்தான். "நீ எந்த நிலை காட்டப் போறே, அம்மணி?"

"வந்து பாரு."

கையிலிருந்த கோலால் அவள் காலை வாரினான். அவள் பூனை நிலைக்குப் பின்வாங்கினாள். எடை முழுக்கப் பின்காலில். முன்கால் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. சும்மா இருந்த காலைத் தூக்க எவ்வளவு நேரமாகும்? கோல் காற்றை வாரியது. தூக்கிய காலாலேயே அவன் முழங்காலில் ஓர் உதை.

கழுத்தைப் பிடிக்க வந்தான். கையை விலக்கிப் பக்கத்தில் புகுந்தாள். அவன் கால்களுக்குப் பின்னால் தன் காலை வைத்துக் குதிரை நிலையில் தாழ்ந்தாள். ஒரு மூச்சுகூட ஆகவில்லை. இடுப்பைத் திருப்பி, பின்காலை நீட்டி, வில் நிலை. தரையிலிருந்து கிளம்பிய விசை அவன் நெஞ்சின் குறுக்கே வைத்த கைக்கு வந்தது. அவள் தொடையில் தடுக்கி மாயாவி மல்லாந்து விழுந்தான். முதுகு மண்ணில் பட்டது. புகையாய்ப் போனான்.

கல்லானவர்களெல்லாம் மீண்டும் மனிதரானார்கள். போவெனுக்கு முழங்காலை நீட்டவே முடியவில்லை.

"நிலை சரியா இருந்துச்சா?" என்றான்.

"பேசாம என் தோளைப் பிடிச்சு நட, அண்ணே."

ஆசான் வழியில் வந்து நின்றார். அன்றே அந்த விதியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "கடைசியாச் செஞ்சியே, அது எப்படி?" என்று கேட்டார்.

ரூயி அண்ணனை ஒரு பாறையில் உட்கார வைத்தாள்.

"சொன்னா புரியாது ஆசானே. என் கழுத்தைப் பிடிக்க வாங்க."